ஏறிய உயரம் எங்கே போகிறது?

மேட்டுப்பாளையத்தைக் கடந்து, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே நீலகிரிச் சாலையில் சிறிது தூரம் சென்றால், மலை ஒரு நீலச் சுவரைப்போல எதிரே எழுந்து நிற்பதைக் காணலாம். அச்சுவரின்மீது ஏறிச் சென்று, உதகமண்டலத்தில் இரண்டு நாள் தங்கித் திரும்பி வந்ததும், மோட்டார் வைத்திருப்போர் தவறாமல் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "பெட்ரோல் எவ்வளவு ஆயிற்று?" மாணவ நண்பர்களே, அந்தக் கேள்வியைச் சற்றே மாற்றி இன்று உங்களிடம் கேட்கிறேன். மலை ஏறுவதற்காகச் செலவிட்ட பெட்ரோல் எங்கே போயிற்று?

புகையாகப் போயிற்று என்று விடை சொல்லிவிடலாம். அது முக்கால் உண்மைதான். எஞ்சினில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு புகையோடும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. எஞ்சிய ஒரு பங்கில் சிறிது டயருக்கும் காற்றுக்கும் கப்பம். மற்றதெல்லாம் அழிந்துபோகவில்லை. அது உயரமாக மாறி வண்டியிலேயே அமர்ந்துகொண்டிருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் நிலையம் 2,203 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேறுபாடு 1,877 மீட்டர். ஆட்களோடும் பெட்டிகளோடும் சேர்ந்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு காரை அவ்வளவு உயரம் தூக்கி வைக்க வேண்டுமானால், மின்சாரக் கணக்கில் ஏறக்குறைய ஏழரை யூனிட் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய வெப்பம் சுமார் ஒன்பது யூனிட். அதில் மூன்று யூனிட்டைத்தான் எஞ்சின் நமக்கு வேலையாகக் கொடுக்கும். ஆக, தூக்கி வைப்பதற்கு மட்டுமே இரண்டரை லிட்டர் பெட்ரோல் ஆகிறது. அந்த ஏழரை யூனிட்டும் உதகை ஏரிக்கரையில் நிற்கும் காரில் பத்திரமாக இருக்கிறது. கீழே இறங்கும்போது அதை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

நீலகிரியின் போக்குவரத்து வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம், அது உயரத்தை எப்படிச் சம்பாதிப்பது, எப்படிச் செலவிடுவது என்னும் இரு கேள்விகளைச் சுற்றியே நடந்திருப்பதாக எனக்குத் தோன்றும். முதல் கேள்விக்கு விடை விரைவில் கிடைத்தது. இரண்டாவது கேள்வியில் இன்னமும் நாம் மாணவர்களே.

தோடரும் கோத்தரும் படகரும் இருளரும் குறும்பரும் காலங்காலமாக நடந்த ஒற்றையடிப் பாதைகள் இம்மலையில் இருந்தன. அவற்றை வரலாற்று நூல்கள் இரண்டு வரியில் முடித்துவிடும். நானும் அதே குற்றத்தைச் செய்கிறேன். 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மலைமேல் ஏறிக் கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டிக்கு வந்தார். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு அவர் முயற்சியால் போடப்பட்ட பாதை 1823-இல் முடிந்தது. பின்னர், கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், குன்னூர்க் கணவாய் வழியாக வேறொரு பாதை உண்டாயிற்று. அது செங்குத்தான பாதை. அதில் வண்டி ஏறுவது அரும்பாடு. ஆகவே அதன்பின், கர்னல் லா என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், வளைந்து வளைந்து செல்லும் புதிய சாலை அமைந்தது. குன்னூருக்கு அருகிலுள்ள லாஸ் நீர்வீழ்ச்சி அவர் பெயரைத் தாங்கியே நிற்கிறது.

பழைய பாதைக்கும் புதிய சாலைக்கும் உள்ள வேறுபாட்டைப் பௌதிகம் படிப்போர் கவனிக்க வேண்டும். சாலையை இரு மடங்கு நீளமாக்கினால் சரிவு பாதியாகக் குறையும். ஏற வேண்டிய உயரமோ, அதற்கு வேண்டிய மொத்த வேலையோ குறைவதில்லை. ஒரே மூச்சில் கேட்ட வேலையை மலை இப்போது தவணையில் கேட்கிறது, அவ்வளவே. மாடும் குதிரையும் தவணைக்கு ஒப்புக்கொண்டன. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றும் அந்தத் தவணையின் சீட்டு.

அடுத்து வந்தது ரயில். பல் பதித்த இருப்புப் பாதையில் பல்சக்கரத்தைக் கவ்வவிட்டு மலை ஏறும் முறையில் வல்லவரான சுவிட்சர்லாந்துப் பொறியாளர் நிக்லாஸ் ரிக்கன்பாக், நீலகிரிக்கு அத்தகைய ரயிலை அமைக்க முன்வந்தார். முடிவில் நிறைவேறியது ஆப்ட் என்பவர் வகுத்த பல்தண்டவாள முறை. முதலில் தொடங்கிய கம்பெனி நொடித்துப்போயிற்று. 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் ரயில் ஓடியது. 46 கிலோமீட்டர்ப் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயரும் சரிவு. 2005-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இந்த ரயிலின் எஞ்சினை வேடிக்கை பார்க்கும் கூட்டம் பெரிது. அதன் சிக்கனத்தைப் பார்ப்போர் மிகச் சிலர். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்து வந்த 'எக்ஸ்' வகை எஞ்சினில் இரண்டு ஜோடி சிலிண்டர்கள் உண்டு. சமதளத்தில் ஒரு ஜோடி மட்டும் வேலை செய்து, சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பல்தண்டவாளம் தொடங்கியதும், அந்தச் சிலிண்டர்களில் ஒருமுறை வேலை செய்துவிட்டு வெளிவரும் நீராவி வானத்திற்குப் போவதில்லை. அது இரண்டாம் ஜோடிக்குள் புகுந்து, பல்சக்கரங்களைச் சுழற்றிவிட்டுத்தான் வெளியேறும். ஒரே நீராவியிடம் இரு முறை வேலை வாங்குகிறார்கள். எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது பற்றி இன்று எத்தனையோ பேசுகிறோம். நூறாண்டுகளுக்கும் மேலாகக் கல்லாற்றுக் காட்டில் அது செயலில் நடந்துகொண்டிருக்கிறது.

இவையெல்லாம் ஏறும் கலை. இறங்கும்போது? எஞ்சின் எப்போதும் ரயிலின் கீழ்ப்புறத்திலேயே இருக்கும். ஏறும்போது பெட்டிகளைத் தள்ளும், இறங்கும்போது அவற்றைத் தாங்கும். பெட்டிகளின் முன்மேடையில் பிரேக்கு ஊழியர்கள் நின்று, எஞ்சின் ஊதும் ஊதலுக்கேற்பப் பிரேக்கைப் பிடிப்பதும் தளர்த்துவதுமாக வருவார்கள். ஏறும்போது மணிக்கணக்காக எரித்துச் சேர்த்த உயரம் சூடாகிப் போகும். இதற்கு ரிக்கன்பாக் ஒரு நல்ல யோசனை கண்டிருந்தார். இறங்கும்போது நீராவியை நிறுத்திவிட்டு, எஞ்சினின் சிலிண்டர்களையே காற்றை உறிஞ்சி அழுத்தும் பம்புகளாக மாற்றிவிட்டால், அழுந்தும் காற்றே வண்டியைத் தடுத்து நிறுத்தும். சிலிண்டர் காயாதபடி சிறிது நீரையும் உள்ளே விட்டுக்கொள்ளலாம். பிரேக்குக் கட்டைகள் தேயாமல் எஞ்சினே வண்டியைத் தாங்கும் இந்த முறை, உலகின் பல்சக்கர ரயில்களில் பரவியது. இதிலும் உயரம் சூடாகத்தான் போயிற்று. ஆனால் போகும் வழி பாதுகாப்பான வழியாயிற்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு இது தேவைப்படும்.

உயரத்தை வீணாக்காமல் கீழே கொண்டுவருவது எப்படி என்பதை நீலகிரியில் முதன்முதல் செய்துகாட்டியது சாலையும் அன்று, ரயிலும் அன்று, தண்ணீர். பைக்காரா ஆற்றின் நீரைக் குழாய்களில் அடைத்து மூவாயிரம் அடிக்குமேல் கீழே இறக்கி, சிங்காரா மின் நிலையத்தில் சக்கரங்களைச் சுழலச் செய்த திட்டம் 1932-இல் நிறைவேறியது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கும் அந்த மின்சாரத்திற்கும் உள்ள தொடர்பை எல்லோரும் அறிவர். அதிலும் ஒரு நுட்பம் பாருங்கள். சிங்காராவில் வேலை முடித்த நீரை அப்படியே விட்டுவிடவில்லை. 1950-களில் மாயாற்று மின் நிலையத்தில் அதே நீரிடம் மீண்டும் ஒருமுறை வேலை வாங்கினார்கள். ரயில் எஞ்சினின் நீராவிக்குச் செய்ததையே நீருக்கும் செய்தார்கள் எனலாம்.

வானம் நீரை இலவசமாகத் தூக்கி வைத்தது. மனிதன் இறக்கும் கூலியைப் பெற்றுக்கொண்டான். மோட்டார் காருக்கோ ஏற்றும் கூலியை நாமே கொடுக்கிறோம். இறக்கும்போது ஒரு காசும் திரும்புவதில்லை. நூறாண்டுக் காலம் நிலைமை இதுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தது. பஸ்களின் பின்னால் பெரிய உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் மரக்கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவைக் கொண்டு எஞ்சினை ஓட்டினார்கள். கரி வாயுவில் எஞ்சினின் வலிமை நன்றாகக் குறைந்துவிடும். ஏற்றத்தில் பயணிகள் இறங்கி நடந்ததையும், தள்ளியதையும் என் பாட்டனார் கதைகதையாகச் சொல்வார். "ஏறும்போது நாங்கள் பஸ்ஸைச் சுமந்தோம்; இறங்கும்போது பஸ் எங்களைச் சுமந்தது" என்பார். எரிபொருள் அருகும் காலங்களிலெல்லாம் மலைச் சாலையில் ஒரு ஆசை தலைகாட்டும்: இறக்கந்தானே, எஞ்சின் எதற்கு, நிறுத்திவிட்டால் என்ன?

அந்த ஆசையின் முடிவை நான் நேரில் கண்டேன். 1973-ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. மறு ஆண்டு கோடையில், பள்ளி மாணவனாக இருந்த நான், பெற்றோருடன் குன்னூரிலிருந்து ஒரு வாடகை அம்பாசிடர் காரில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் நடுத்தர வயதினர், நல்ல மனிதர். காட்டேரி தாண்டியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கியரை நியூட்ரலில் விட்டார். சட்டென்று ஓசை அடங்கிற்று. பறவைகளின் குரல் கேட்டது. என் தாயார், "ஏன் அண்ணா, வண்டி நின்றுவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, சும்மா போகிற இறக்கத்துக்கு எண்ணெயை ஏன் கொளுத்த வேண்டும்?" என்றார் அவர்.

அவர் மூடர் அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அக்காலத்துக் கார்களில் பெட்ரோலை எஞ்சினுக்கு ஊட்டியது கார்புரேட்டர். சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றும்போதும் அது சிறிது பெட்ரோலைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் மிச்சப்பட்டது உண்மை. ஆனால் எஞ்சின் தாங்கிவந்த பாரம் முழுவதும் நான்கு பிரேக்கு டிரம்களின்மேல் விழுந்தது. சில வளைவுகள் கடந்தன. தீய்ந்த நாற்றம் ஒன்று காருக்குள் வந்தது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதி தரைவரை போயிற்று, வேகம் குறையவில்லை. கியரைப் போட முயன்றார். ஓடும் வேகத்தில் பற்கள் சேராமல் கரகரவென்று அலறின. என் தந்தையார் என் தலையைத் தம் மடியில் அழுத்திக்கொண்டார். பள்ளத்தாக்கு இடப்பக்கம்; மலை வலப்பக்கம். அந்த மனிதர் ஒரு கணம் தாமதிக்காமல் வண்டியை வலப்பக்கம் திருப்பி, மலையோரத்து வடிகாலில் சக்கரங்களை இறக்கி, பாறையோடு உரசவிட்டு நிறுத்தினார். எதிரே எந்த வண்டியும் வராதது எங்கள் நல்வினை. வெகு நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் இறங்கிச் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய், உடனே இழுத்துக்கொண்டார். நான் அந்தக் கையைப் பார்த்தேன், அது நடுங்கிற்று.

அவர் மிச்சம் பிடிக்க எண்ணியது அரை லிட்டருக்கும் குறைவாக இருக்கும். நான்கு டிரம்களில் சூடாகிப் போனதோ, ஏறும்போது எரித்த பெட்ரோல் தந்த பலன் முழுவதும். தவறான இடத்தில் சிக்கனம் பார்த்தார். சரியான இடத்தில் பார்ப்பதற்கு அவர் வண்டியில் கருவி இல்லை.

அந்தக் கருவிதான் இப்போது வந்திருக்கிறது. மின்சார மோட்டாருக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. மின்சாரத்தைக் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரத்தைக் கொண்டு அதைச் சுழற்றினால் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும்; அப்படிக் கொடுக்கும்போது சக்கரத்தைத் தடுத்துப் பிடிக்கும். இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் மலைப்பாதை மின்சார ரயில்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைக் கையாண்டன. இறங்கும் ரயில் தரும் மின்சாரத்தைக் கம்பி வழியே ஏறும் ரயில் பெற்றுக்கொண்டது. காருக்குக் கம்பி இல்லை; ஆகவே அது தன் மின்சாரத்தைத் தானே சுமக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் இணைக்கும் முயற்சியை 1900-ஐ ஒட்டியே பெர்டினண்ட் போர்ஷே செய்தார். ஆயினும், பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார் 1997-இல் ஜப்பானில் வெளியான டொயோட்டா பிரியஸ். இருவிசைக் கார் என்று நான் அதைச் சொல்லிக்கொள்வதுண்டு. நம் நாட்டில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட்டும், 2010-இல் பிரியஸும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் விலை பலருக்கு எட்டவில்லை. 2022-க்குப் பின்னரே இங்கேயே தயாராகும் ஹைபிரிட் கார்கள் நம் சாலைகளில் பரவலாகத் தென்பட்டன.

அப்படி ஒரு காரை என் தம்பி மகள் வாங்கியிருக்கிறாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். சென்ற ஆண்டு என்னை உதகைக்கு அழைத்துச் சென்றாள். ஏறும்போது பெரிய அதிசயம் எதுவும் நிகழவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பாட்டரியில் இருந்த மின்சாரம் கல்லாற்றுக்கு மேல் சில வளைவுகளிலேயே தீர்ந்துவிட்டது. பிறகு ஏற்றியது பெட்ரோல்தான். அவள் செய்ததெல்லாம், மிதியை ஒரே அளவில் வைத்திருந்தது. முன்னே லாரி ஊர்ந்தால் வெகு தூரத்திலேயே வேகத்தைத் தணித்து, நிற்காமல் பின்தொடர்ந்தது. வளைவுக்குள் புகுமுன் காலை எடுத்து, வளைவை விட்டு வெளிவரும்போது மெல்ல அழுத்தியது. இடையே நின்று நின்று புறப்படும் வண்டிதான் மலையில் எண்ணெயைக் குடிக்கிறது. குறுகிய மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று போக்குவரத்து விதி சொல்வதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

அவளுடைய திறமை இறங்கும் நாளில் தெரிந்தது. புறப்படுமுன் ஏரிக்கரைச் சாலையில் காரை மின்சாரத்திலேயே மெதுவாக ஓட்டி, பாட்டரியை ஏறக்குறையக் காலி செய்தாள். எனக்கு விளங்கவில்லை. "பிரயாணம் தொடங்கும்போது பானையைக் கவிழ்ப்பார்களா, அம்மா?" என்றேன். "மழை வரப்போகிறதே, பெரியப்பா. பானை காலியாக இருந்தால்தானே பிடிக்கலாம்?" என்றாள்.

பானையின் அளவு எவ்வளவு என்று விசாரித்தேன். இங்குதான் என் பழைய கணக்கு உதவியது. இறங்கும்போது கிடைக்கக்கூடிய ஏழரை யூனிட்டில், டயரும் காற்றும் இரண்டரை யூனிட்டைக் கொண்டுபோகட்டும். ஐந்து யூனிட் மிச்சம். இவ்வகைக் கார்களின் பாட்டரி கொள்வதோ ஒரு யூனிட்டை ஒட்டித்தான். சிலவற்றில் அதற்கும் குறைவு. அதையும் முழுவதும் நிரம்பவோ முழுவதும் வற்றவோ கார் விடாது. விட்டால் பாட்டரியின் ஆயுள் குறையும். ஆகவே நமக்கு உதவுவது அரை யூனிட் அளவே. அருவியின் கீழ் ஒரு செம்பை வைத்துக்கொண்டு நிற்பது போன்றது இது. செம்பு சிறிது என்பதால்தான், அதை எங்கே காலி செய்து எங்கே நிரப்புவது என்னும் யுக்தி வேண்டியிருக்கிறது. உதகையிலிருந்து குன்னூர் வரையில் இறக்கத்திற்கு நடுவே சமதளமும் சிறு ஏற்றமும் வருகின்றன. ஒவ்வோர் இறக்கத்திலும் செம்பை நிரப்பி, அடுத்த சமதளத்தில் எஞ்சினை எழுப்பாமல் அதைக் கொண்டே ஓட்டினாள். கேத்தியிலும் அருவங்காட்டிலும் இப்படி நிரப்பியும் வடித்தும் வந்தோம். முழு மின்சாரக் கார்களின் பாட்டரி பெரிய அண்டா. அவை மலை தரும் அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். அவற்றிலும், உதகையிலேயே இரவெல்லாம் செருகி வைத்து விளிம்புவரை நிரப்பிக்கொண்டு புறப்பட்டால் மலை தருவதற்கு இடம் இராது.

இன்னொன்றையும் அவளிடம் கற்றேன். வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தது. வலக்கால் பிரேக்கின்மேல் இறகுபோல இருந்தது. "நான் மிதிக்கவில்லை, பெரியப்பா, தொட்டுக்கொண்டு வருகிறேன்" என்றாள். மெல்லத் தொட்டால் மோட்டார்தான் வண்டியைப் பிடிக்கும். பிடித்த பிடியெல்லாம் மின்சாரமாகும். ஓங்கி மிதித்தால் சாதாரணப் பிரேக்கு வந்து சேரும். அதன் பங்கு சூடாகிப் போகும். ஆகவே வளைவைத் தொலைவிலேயே கண்டு, நெடுந்தூரம் மெல்லப் பிடித்து வருவதே இதில் நயம். அவள் முன்னிருந்த அளவுகோலில் ஒரு சிறு கோடு, மின்சாரம் சேர்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தது. அக்கோடு எல்லையைத் தாண்டாமல் ஓட்டுவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறாள்.

குன்னூருக்குக் கீழே இறக்கம் ஓயாத இறக்கம். சில கிலோமீட்டருக்குள் செம்பு நிரம்பிவிட்டது. நான் 1974-ஐ நினைத்துக்கொண்டேன். அதே காட்டேரிச் சரிவு. மின்சாரத்தை வாங்க இடமில்லாவிட்டால் மோட்டார் எப்படிப் பிடிக்கும்? பாரம் மறுபடியும் பிரேக்கின்மேல்தானே? வாய் திறக்குமுன் அவள் கியர்க் கோலை 'பி' என்ற எழுத்துக்கு நகர்த்தினாள். அதுவரை உறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் உரத்த குரலில் இரையத் தொடங்கிற்று. "பெட்ரோல் வீணாகிறதே!" என்றேன். "ஒரு சொட்டும் போகவில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, எஞ்சின் வெறுங்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரிக்கன்பாக்கின் யோசனை! பெட்ரோலைக் கணக்கிட்டு உட்செலுத்தும் இக்கால எஞ்சின்களில், கியரில் இறங்கும் வண்டிக்கு எரிபொருள் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் தான் நின்றுவிடாமல் இருப்பதற்காகச் சிறிது குடித்துக்கொண்டே இருக்கும். பழைய ஓட்டுநரின் கணக்கு இன்று தலைகீழாகிவிட்டது. ஹைபிரிட் அல்லாத சாதாரணக் காருக்கும் இது பொருந்தும். சாலையோரப் பலகைகள் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்வது உயிருக்காக. அதில் எண்ணெயும் மிச்சமாகிறது. வீட்டில் இன்னமும் "இறக்கத்தில் நியூட்ரல் போடு" என்று யோசனை சொல்லும் பெரியவர்கள் இருந்தால், அவர்களிடம் கார்புரேட்டரின் கதையைச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம். ஒரு காலத்தில் அவர்கள் சொன்னதில் பொருள் இருந்தது.

பர்லியாற்றில் நிறுத்திப் பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கினோம். அவள் விலை பேசிக்கொண்டிருக்கையில், நான் காரின் முன்சக்கரத்தின் அருகே குனிந்து கையை நீட்டினேன். பாலாடை படியும் அளவுக்கு வெதுவெதுப்பு, அதற்குமேல் சூடில்லை. "என்ன தேடுகிறீர்கள், பெரியப்பா?" என்றாள். அந்த இடத்தில் அதைச் சொல்லத் தோன்றவில்லை. காரில் ஏறிய பிறகு சொன்னேன். அவள் அதற்குப் பின் இன்னும் மெதுவாகவே ஓட்டினாள்.

கல்லாற்றை அடைந்தபோது செம்பு நிறைந்திருந்தது. அங்கிருந்து பவானிப் பாலம் வரை எஞ்சின் எழவே இல்லை. பாலத்தின்மேல் சிறிது நேரம் வண்டிகள் தேங்கி நின்றன. கீழே ஓடிய நீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குந்தா மின் நிலையங்களில் ஒவ்வொரு படியாக இறங்கி, படிதோறும் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, பில்லூர் அணையைக் கடந்து வந்த நீர் அதில் கலந்திருக்கிறது. 1960-களிலிருந்து அந்த நீருக்கு அதுவே வேலை. எங்களுக்கு முன்னே வரிசை நகர்ந்தது. அவள் மிதியைத் தொட்டாள். காரும் ஓசையில்லாமல் நகர்ந்தது.